வெத்திலவாயனுக்கு ஒரு பீலி

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணீரில் ஒரு வாய் குடித்து, காதைச் சாய்த்துக்கொண்டு, "எங்கயோ பைப் தெறந்திருக்கு போல" என்று எழும்பிவிடுகிறார்கள். போன கிழமை வந்த இன்ஷூரன்ஸ்காரப் பிள்ளை குசினிக் குழாய் வரைக்கும் போய்விட்டது. நான் அதன் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

"பைப் இல்ல புள்ள. இது பீலி."

பீலி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலையிலிருந்து ஒழுகி வருகிற தண்ணீரை ஒரு மூங்கிலோ தகரமோ வைத்துப் பிடித்து, ஆள் உயரத்தில் இருந்து ஒரு குழிக்குள் விழ வைப்பார்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், குளிப்பது, துவைப்பது, குடிக்க எடுப்பது, சண்டை பிடிப்பது, சம்பந்தம் பேசுவது எல்லாம் அதன் அடியில்தான். எங்களுடைய பீலி இப்போது கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில், முன் அறையில், கண்ணாடித் தொட்டிக்கு மேலே ஒரு முழ நீளத்தில் இருக்கிறது. காலையில் தொட்டியின் மூடியைத் தூக்கினால் ஈரக் கல்லும் பாசியும் கலந்த ஒரு வாசனை வருகிறது. அந்த வாசனையில் எனக்கு உடனே பத்து வயசாகிவிடும். முழங்கால் மட்டும் நம்பாது.

நான் சொல்லச் சொல்ல இதை என் மகள் சாந்தி எழுதுகிறாள். அவள் டீச்சர். "அம்மா, மொதல்ல தொட்டி எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க" என்கிறாள். சரி.

தொட்டி என் மருமகன் ரவியின் ஆசை. அவர் ஏ.சி. மெஷின் திருத்துகிறவர். எதைச் செய்தாலும் பெரிதாகத்தான் செய்வார். ஒரு பூந்தொட்டி வாங்கப் போனால் ஒரு லொறி மண் வரும். அப்படிப்பட்டவர் மீன் வளர்க்க ஆசைப்பட்டால் போத்தலிலா வளர்ப்பார்? ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் பிலிமத்தலாவைக்குப் போனோம். பெரிய ரோட்டோரம் ஒரு மீன் கடை. சமைக்கிற மீன் இல்லை, பார்க்கிற மீன். நான் வேனில் ஒரு சுற்றுப் போகலாம் என்றுதான் கூடப் போனேன்.

உள்ளே காலை வைத்ததும் நின்றுவிட்டேன். சுவர் முழுக்கத் தண்ணீர். சுவருக்குள்ளே சுவராக வெளிச்சம் போட்ட தண்ணீர். அதில் பூவும் கிளியும் மாதிரி என்னென்னவோ நீந்துகிறது. கோயில் சப்பரம் பார்த்த மாதிரி நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். சாந்தி என் கையைக் கீழே இறக்கினாள்.

ஒரு மூலைத் தொட்டியில், எல்லாவற்றுக்கும் கீழே, விரல் நீள மீன் பத்துப் பன்னிரண்டு இருந்தன. உடம்பில் மங்கலாகக் கறுப்புப் பட்டை. வாய் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. குனிந்து கண்ணாடிக்குக் கிட்டப் போனேன்.

"தம்பி, இது வெத்திலவாயன் இல்லையா?"

கடைக்காரர் பெயர் பாஸில். என் மகன் வயசு. பக்கத்தில் வந்து பார்த்தார். "சிங்களத்துல புலத் ஹபயான்டு செல்ற. வெத்தில சப்பின மாதிரி வாய் சிவந்து ஈக்குதே, அதுக்குத்தான்."

"நாங்களும் அப்படித்தான் பேரு வச்சிருந்தோம். எங்க பீலிக் குழியில நெறைய இருந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

"பன்வில. தோட்டம்."

"அது கீழ்நாட்டு மீன் அம்மா. அந்தப் பக்கம் யாரோ கொண்டு வந்து விட்டீக்கணும்."

"எங்களயும் அப்படித்தான் தம்பி கொண்டு வந்து விட்டாங்க."

அவர் சிரித்தார். சிரித்து முடித்து எனக்கு ஒரு கதிரை போட்டார். அன்றிலிருந்து அந்தக் கடையில் எனக்கு அந்தக் கதிரை.

ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கிறது என்று கேட்டேன். பயத்தில் என்றார். "வெளிச்சம் மிச்சம் கூட, ஒளிய இடமில்ல. நெழலும் ஓட்டமும் நல்ல தண்ணியும் குடுத்தா ஆம்பள மீன் சிவக்கிறத நீங்க பாக்கணும்."

நான் பார்த்திருக்கிறேன். முன் பாதி செம்பருத்தி, பின் பாதி கரி. மழை விட்ட மறுநாள் பீலிக் குழியில் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடும். நானும் என் அக்கா பேச்சியும் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து குழியில் காலைத் தொங்கப் போடுவோம். மலையில் ஏறி இறங்கி வெடித்த பாதத்தை அதுகள் கொத்தும். கூச்சத்தில் நான் நெளிவேன், அக்கா அசையமாட்டாள். ஆகச் சிவந்ததுக்கு அவள் வைத்த பெயர் கங்காணி. எங்கள் கங்காணிக்கும் வாய் எந்நேரமும் அப்படித்தான் இருக்கும். "கங்காணி வந்துட்டாருடி, காலை எடு, பேரு பதிஞ்சிருவாரு" என்பாள்.

அந்தக் கதிரையில் உட்கார்ந்தபடி நான் அக்காவின் கண்ணை நினைத்தேன்.

அக்கா இன்னும் தோட்டத்தில், மகனோடு இருக்கிறாள். சீனி வருத்தம், அந்தச் சர்க்கரை நோய், அவள் கண்ணுக்குள் போய்விட்டது. வலது கண் போன வருஷமே முடிந்தது. இடது கண்ணுக்கும் புகை ஏறுகிறது. மருந்து போட்டால் மெதுவாகப் போகும், ஆனால் போகும் என்று கிளினிக்கில் டொக்டர் மறைக்காமல் சொன்னார். போனில் அக்கா என்னிடம் சொன்னது வேறு மாதிரி: "எல்லாம் பனிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்குடி. செவப்பு மட்டும் கிட்ட வச்சா நல்லாத் தெரியுது." அடுத்த கிளினிக்குக்கு அவள் கண்டிக்கு வர மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது. வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவாள்.

மருமகனிடம் சொன்னேன். அவர் மனசில் இருந்தது வேறு ஏதோ கிளி மூக்கு மீன். கொஞ்சம் யோசித்தார். "சரி அத்தை. மீன் உங்க விருப்பம், மெஷின் என் விருப்பம்" என்றார். நல்ல பிள்ளை. ஆனால் மெஷினிலும் நான் மூக்கை நுழைக்காமல் இருக்கவில்லை.

முதலில் தொட்டி. ஐந்தடி நீளம், இரண்டடி உயரம். கண்ணாடியின் தடிப்பைப் பார்த்து நான் கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்தேன். தடித்த பிஸ்கட் ஒன்றின் அளவுதான். "இது உடையாதா தம்பி?" ஐந்நூறு லீட்டருக்கு மேலே பிடிக்கும், உடையாது என்றார். லீட்டர் எனக்கு விளங்காது. குடத்தில் சொல்லு என்று சாந்தியைக் கேட்டேன். ஐம்பது குடத்துக்கு மேலே என்றாள்.

ஐம்பது குடம். நீங்களே யோசித்துப் பாருங்கள். பத்து வயசில் இருந்து கல்யாணம் வரைக்கும் பீலியில் இருந்து லயத்துக்குப் படியேறி நான் சுமந்தது ஒரு நாளைக்கு நாலு குடம். ஐம்பது குடத்தை ஒரே இடத்தில், இடுப்பு நோகாமல், கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமாரி மாதிரி நிற்க வைக்கலாம் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் பேய் பிடித்திருக்கிறது என்றிருப்போம்.

குடம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பீலியில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள்தான் நிற்கும். குடத்தை வைத்துவிட்டு நாம் திரும்பி உட்கார்ந்து ஊர்க் கதை பேசலாம். குடம் நிறைய நிறையச் சத்தம் மாறும். முதலில் தகரத்தில் கல் விழுகிற மாதிரி, பிறகு ஒரு முனகல், கடைசியில் கழுத்துக்கு வரும்போது மெல்லிய குரல். அந்தக் கடைசிக் குரலைக் கேட்டு எழும்ப வேண்டும். என் அக்காவைப் போல அதைக் கேட்க அந்த லயத்தில் ஆள் இல்லை. யாருடைய குடமாக இருந்தாலும் முதுகைக் காட்டிக்கொண்டே "நெறைஞ்சிருச்சு, எடு" என்பாள். ஒரு சொட்டு வழியாது.

தொட்டியை வைக்க இரும்பு ஸ்டான்ட். கண்ணாடிக்கு அடியில் விரிக்க ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டை. இவ்வளவு பாரத்துக்கு மெத்தை போடுகிறார்கள் பாருங்கள். பிறகு ஃபில்டர். அதைத்தான் நான் நெடு நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மூடி போட்ட வாளி மாதிரி இருக்கிறது, திறந்தால் உள்ளே சாப்பாட்டு அடுக்கு மாதிரி தட்டுத் தட்டாக இருக்கிறது. ஒரு தட்டில் ஸ்பொன்ஜ், ஒரு தட்டில் மண்ணில் சுட்ட வளையம். தொட்டித் தண்ணீர் ஒரு குழாயால் இதற்குள் இறங்கி, தட்டெல்லாம் ஏறி, சுத்தமாகி இன்னொரு குழாயால் திரும்பிப் போகுமாம். வாளியைத் தொட்டிக்குக் கீழே ஒளித்து வைக்கலாம்.

தண்ணீர் சூடாக்குகிற கண்ணாடிக் குச்சி ஒன்றை மருமகன் எடுத்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எங்கள் பீலித் தண்ணீரில் குளித்தால் பல் கிட்டிக்கும், அதில் வாழ்ந்த மீனுக்கு எதற்கு வெந்நீர்? பாஸிலும் என் பக்கம்: "கண்டிக் குளிருக்கு இந்த மீனுக்கு அது தேவல்ல." நீல வெளிச்சத்தையும் வேண்டாம் என்றேன். கடைசியில் மங்கலான விளக்கு ஒன்று. நீலக் கல், மஞ்சள் கல் எல்லாம் போய் ஆற்றுக் கல் வந்தது. கொட்டம்பா என்கிற நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த சருகைப் பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்துக்கு வருமாம், மீனுக்கு மனசு ஆறுமாம். வாழ்க்கை முழுக்க நான் கூட்டித் தள்ளிய சருகுக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

சண்டை வந்தது கடைசிக் குழாயில். சுத்தமான தண்ணீர் திரும்பி விழுகிற குழாயைத் தண்ணீருக்குள்ளே அமிழ்த்தி வைத்தால் சத்தம் இல்லை என்றார் பாஸில். மேலேயிருந்து விழட்டும் என்றேன் நான். "ராவு பகலா கேக்கும் அம்மா, தலையிடி வரும்" என்றார். "எனக்கு வராது" என்றேன். "எனக்கு வரும்" என்றாள் சாந்தி. மருமகன் யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு துண்டு பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் பாதியாக அறுத்து, அதன் வழியாகத் தண்ணீர் வழிந்து விழுகிற மாதிரிச் செய்து தந்தார். பார்த்தால் பிளந்த மூங்கிலேதான்.

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் ஊற்றியவுடனே மீன் விட முடியாது. தண்ணீர் பழுக்க வேண்டும். எனக்கு இது பெரிய அதிசயம். வாழைக்குலை பழுக்கும், தண்ணீரும் பழுக்குமா? மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றனவாம். அவை ஸ்பொன்ஜில் குடியேற ஐந்து ஆறு கிழமை எடுக்கும். மருமகன் அக்காவின் கதையைச் சொன்னதால் பாஸில் தன் சொந்தத் தொட்டியில் இருந்து ஒரு ஸ்பொன்ஜைக் கழற்றி, தண்ணீரோடு பையில் போட்டுக் கொடுத்தார். குடியேறிய உயிரெல்லாம் அதில் இருக்கிறது, இதை வைத்தால் ரெண்டு கிழமையில் மீன் விடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். எல்லாம் மருமகனிடம். நான் அந்நேரம் வெத்திலவாயனோடு பேசிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பையைக் குசினியில் வைத்துவிட்டு அவர் ஸ்டான்டை நிமிர்த்தப் போனார். நான் பையைத் திறந்தேன். கறுத்து, வழுவழுத்து, சேறு வடிகிற ஒரு ஸ்பொன்ஜ். கடைக்காரர் பழையதைத் தள்ளிவிட்டார் என்று நினைத்தேன். எங்கள் லயத்தில் வெள்ளிக்கிழமைக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுப் பீலிக் கல்லைத் தேய்ப்போம். பாசி இருந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கிழமை முழுக்கப் பேச்சு விழும். அந்தக் கை சும்மா இருக்குமா? சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கசக்கிப் பிழிந்து, கொடியில் வெயிலில் காயப் போட்டேன். வெள்ளை வெளேர் என்று காய்ந்தது.

"அத்தை, அந்த ஸ்பொன்ஜ் எங்க?"

பெருமையோடு கொடியைக் காட்டினேன். மருமகன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பாஸிலுக்குப் போன் போட்டோம். "மத்தத் தொட்டிக்கெல்லாம் மருந்து போட்டீக்குறேன் ரவி நானா, அதுல உள்ளத தந்தா ஆகாது. இனிப் பொறுமதான்" என்றார். இனி ஐந்து ஆறு கிழமை. அக்கா வர மூன்று கிழமை.

அந்த நாட்களில் மீன் இல்லாத தொட்டிக்குத் தினமும் சாப்பாடு போட்டேன். அது அழுகினால்தான் அந்தக் கண்காணா உயிர்களுக்குத் தீனி. பக்கத்து வீட்டுக் குசுமா யன்னலால் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரிதானே என்று சாந்தியிடம் கேட்டாராம். சாப்பாடு போட்டதும் சோதனை. ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துத் துளி விட்டால் நிறம் மாறும். பச்சை என்றால் நஞ்சு, மஞ்சள் என்றால் நல்லது. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் அட்டை. எழுத்து ஒன்றும் தெரியாத நான் அந்த அட்டையை மருமகனைவிட நன்றாக வாசித்தேன். அவர் மஞ்சள் என்பதை நான் இளம்பச்சை என்பேன். சாந்தி வந்து பார்த்து, அம்மா சொன்னதுதான் சரி என்பாள். கொழுந்தின் பச்சையில் எத்தனை பச்சை இருக்கிறது என்று முப்பது வருஷம் பார்த்த கண் இது.

அக்கா வந்த அன்று காலையிலும் பச்சை.

தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு அவளை உட்கார வைத்தேன். இடது கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு நெடு நேரம் பார்த்தாள். கல் தெரிந்தது. சருகு தெரிந்தது. தண்ணீர் விழுகிற இடத்தில் வெள்ளை நுரை தெரிந்தது.

"மீனு எங்கடி?"

"வரும்க்கா. தண்ணி இன்னும் பழுக்கல."

"தண்ணி பழுக்குமா? டவுனுக்கு வந்து நல்லாத்தான் கெட்டுப் போயிட்ட."

மருமகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அத்தை, இப்ப போய் ரெண்டு மீன் கொண்டாந்து விட்டுருவமா? பெரியம்மா பாத்துட்டா போதுமே." எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. கண்ணாடிக் குழாயை எடுத்துப் பார்த்தேன். பச்சை. அக்காவுக்குக் காட்டுவதற்காக அதுகளை நஞ்சில் விடுவதா? வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். வெங்காயம் தேவைப்படவில்லை.

அக்கா போய் மூன்று கிழமையில் ஒரு காலை மஞ்சள் வந்தது. முட்டை மஞ்சள். வீட்டையே எழுப்பினேன். பத்து வெத்திலவாயன் வாங்கி வந்து விட்டோம். ஒரு கிழமை சருகுக்குள்ளேயே கிடந்தன. பிறகு ஒரு நாள் மழை பெய்து வெளுத்த காலையில் மூடியைத் தூக்குகிறேன், பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில் ஒன்று நிற்கிறது. முன் பாதி செம்பருத்தி, பின் பாதி கரி. அந்த ஐம்பது குடம் தண்ணீரும் அதற்காகவே நிற்கிற மாதிரி இருந்தது. எந்த மலையில் இருந்து எந்தத் தொட்டிக்கு, எத்தனை வருஷம் கழித்து. "கங்காணி வந்துட்டாரு" என்று மெதுவாகச் சொன்னேன்.

அடுத்த கிளினிக்குக்கு அக்கா வந்தபோது அவள் மகன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் தெரியுது. செவப்பு தெரியல" என்றாள்.

ஸ்பொன்ஜ் கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அழுதுகொண்டு சொன்னேன். அவள் சிரித்தாள். "நம்ம மொற வர்ற வெள்ளிக்கிழமையெல்லாம் நீ கல்லத் தேய்க்கிற தேய்ப்புல மீனு எல்லாம் கீழ் லயத்துக்கு ஓடிரும். அன்னைக்கே சொன்னேன், கேட்டியா?"

அவள் கையைக் கழுவிவிட்டேன், இந்த முறை சவர்க்காரம் போடாமல். மூடியைத் தூக்கிக் கையைத் தண்ணீருக்குள் விட வைத்தேன். கொழுந்து பறித்துக் கறுத்து வெடித்த விரல்கள். அக்கா அசையவில்லை. முதலில் ஒன்று வந்தது, பிறகு மூன்று, நாலு. கொத்தத் தொடங்கின. அவள் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு பெரிசு" என்றாள். "இடிச்சுத் தள்ளிட்டு வருது. சிவந்திருச்சா?"

"சிவந்திருச்சுக்கா."

"கங்காணிதான்."

பிறகு தலையைச் சாய்த்துத் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டாள். தோட்டத்தில் இப்போது பீலி இல்லை. வீட்டுக்கு வீடு குழாய் போட்டு, பீலிக் குழிக்கு மேலே கொங்கிறீட் மூடி போட்டுவிட்டார்கள். நல்லதுதான், இப்போது அங்கே பெண்களுக்கு என் இடுப்பு நோவு வராது. ஆனால் அந்தச் சத்தத்தை அவள் கேட்டு எத்தனை வருஷமோ.

"சும்மா ஊத்துதேடி" என்றாள். "ஒரு கொடத்தக் கொண்டாந்து வையேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் போனேன். குசினியில் பார்த்தேன், மாடிப்படிக்கு அடியில் பார்த்தேன், மருமகனின் சாமான் அறையில் பார்த்தேன். பிளாஸ்டிக் போத்தல் இருக்கிறது, வாளி இருக்கிறது, பிரிட்ஜுக்குள் வைக்கிற ஜக்கு இருக்கிறது. ஐந்நூறு லீட்டர் தண்ணீர் நிற்கிற வீட்டில் ஒரு குடம் இல்லை. என் கடைசி அலுமினியக் குடத்தைப் பழைய சாமான்காரரிடம் போட்டது நான்தான் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

வெறும் கையோடு வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அக்கா தண்ணீரில் இருந்து கையை எடுக்கவில்லை. முதுகை எங்களுக்குக் காட்டியபடி, சத்தத்திலேயே காதை வைத்திருந்தாள்.

"இன்னும் நெறையலடி" என்றாள்.